துக்கத்தில் இருப்பவர்களைப் படமெடுப்பதில்லை

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போ," என்றாள் எலாதியா.

"எவ்வளவு கொஞ்சம்? போர்ச்சுகல் வரைக்கும் போயிடவா?" என்று அறுவடை முடிந்த கோதுமை வயலுக்கு நடுவிலிருந்து எவேலியோ கத்தினான்.

ஜூலை மாதம். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத அந்த வெயிலில் அவன் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தான். தக்காளிச் சிவப்பு, முழுக்கை. அவனுக்குப் பின்னால் வில்லாமோரா ஊரின் பழைய புறாமாடம், மண்ணால் குழைத்துக் கட்டிய பெரிய நெற்குதிர் போல வட்டமாக நின்றுகொண்டிருந்தது.

"போர்ச்சுகல் வேண்டாம். புறாமாடத்துக்கு முன்னால நின்னாப் போதும். முதுகைக் காட்டு. தூரத்துல எதையோ பார்க்கிற மாதிரி நில்லு."

"தூரத்துல ஒண்ணுமே இல்லையே, எலா."

"அதைத்தான் பார்க்கச் சொல்றேன்."

அவன் திரும்பி நின்றான். கேமராவின் கண் திறந்து மூடியது.

தபால் பட அட்டைத் தொழிலில் இருந்த எல்லோருடைய பையிலும் சிவப்பாக ஏதாவது ஒன்று இருக்கும். ஒருவர் குடை வைத்திருப்பார், இன்னொருவர் கழுத்துத் துணி. சமோரா மாகாணம் முழுக்க மஞ்சள் நிலம், மண் சுவர், நீல வானம். அதில் சிவப்பாக ஒரு புள்ளி இல்லையென்றால் பார்ப்பவன் கண் நிற்காது, அட்டை விற்காது. மாட்ரிட்டில் அட்டைகளை அச்சிட்ட தோன் லெயாந்த்ரோ இதில் கறாராக இருந்தார். அதனால் எவேலியோ வெயிலிலும் மழையிலும் அந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நின்றான், கோட்டை வாசலில் நின்றான், பாலத்தின் நடுவில் நின்றான். வண்டி ஓட்டுவது, ஊர்க்காரர்களிடம் பேசுவது, ஃபிலிம் கழுவுவது எல்லாம் அவன் வேலை. படம் பிடிப்பது அவள் வேலை. படம் பிடிப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"நிழல் நீளட்டும். சாயங்காலம் இன்னொன்று எடுத்துக்கலாம்," என்றாள் அவள்.

"அதுவரைக்கும் நான் வெந்துபோயிடுவேன்." ஸ்வெட்டரைக் கழற்றிக் கேமரா ஸ்டாண்டின் கைப்பிடியில் தொங்கவிட்டான். "ஊருக்குள்ள போய் முலாம்பழம் வாங்கிட்டு வர்றேன்."

"போன தடவை மாதிரி பூசணியைத் தூக்கிட்டு வராதே."

"அது முலாம்பழம்தான். பழுக்கிறதுக்குள்ள வெட்டினது நீ."

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். புழுதி எழுந்து அடங்கியது. நிழல் நீண்டது. அவன் வரவில்லை. வெளிச்சம் போய்விடுமே என்று அவள் ஆளில்லாமலேயே படத்தை எடுத்துவிட்டு, பழக்கடையில் யாரிடமோ கதையளந்துகொண்டு நிற்கிறான் என்று மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அறுத்த கோதுமைத் தாள்களை மிதித்துக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் நடந்து வந்தார்கள். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள். அந்த வெயிலில் தொப்பியைக் கழற்றிய போலீஸ்காரர்களை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வயல் பாதையிலிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பும்போது அவனைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் செய்தி.

*

சமோராவில் அந்தக் காலத்தில் சாயக்கடை வாசலில் ஒரு பலகை தொங்கும்: துக்க உடைகள் ஒரே நாளில். சாவு விழுந்த வீட்டில் யாரும் புதுத்துணி வாங்குவதில்லை. இருக்கிற துணியையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கடையில் கொடுத்தால், கொப்பரையில் போட்டுக் கருப்பாக்கித் தருவார்கள்.

அடக்கத்துக்கு முன்பே எவேலியோவின் அக்கா கசில்தா வந்துவிட்டாள். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அழுதுகொண்டே அலமாரியைத் திறந்தாள், அழுதுகொண்டே இரண்டு படுக்கை விரிப்புகளில் துணிகளைக் கட்டினாள். எலாதியாவின் ரவிக்கைகள், காலுறைகள், பூப்போட்ட சமையல் ஏப்ரன், எல்லாம் போயின. மறுநாள் காடி நாற்றத்தோடு விறைத்துத் திரும்பி வந்தன. எலாதியா ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மூட்டையின் அடியில் ஒரு ஆண் ஸ்வெட்டர் இருந்தது. முழுக்கை. கரிக் கருப்பு.

"இது ஏன் போச்சு?" என்றாள்.

"ஸ்டாண்டு மேல கிடந்துச்சு. சிவப்பு. துக்க வீட்டுல சிவப்பு கிடக்கலாமா?"

"இது எவேலியோவோடது."

"தெரியும், பெண்ணே. நான்தான் அவனுக்குப் பின்னிக் கொடுத்தேன்." கசில்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் மனசு இல்லையா? சாயக்காரன்கிட்ட கொடுத்துட்டு, திருப்பி வாங்கி, அப்புறம்தான் கொடுத்தேன்."

அதற்குமேல் அவளிடம் என்ன சண்டை போடுவது? எலாதியா ஸ்வெட்டரைத் தனியாக எடுத்து வைத்தாள்.

ஜன்னல் கதவுகள் சாத்தப்பட்டன. ரேடியோ மேல் ஒரு துணி விழுந்தது. தேவாலயப் பூசைக்குத் தவிர வெளியே போகக் கூடாது. சந்தை கூடாது, சினிமா கூடாது, வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதுகூடக் கூடாது. கணவன் செத்தால் இதெல்லாம் வருஷக்கணக்கு. அதற்குள் அப்பாவோ மாமியாரோ போய்விட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அந்தத் தெருவில் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண்ணும் வேறு நிறம் உடுத்தி எலாதியா பார்த்ததில்லை.

சாத்திய வீட்டுக்குள் டார்க் ரூம் மட்டும் அவளுக்குப் பழகிய இருட்டு. ஒரு நாள் உள்ளே போய், எவேலியோ செய்வதைப் பார்த்துப் பழகியபடி, அந்த ஜூலை மாத ஃபிலிமைக் கழுவினாள். புறாமாடம் நன்றாக வந்திருந்தது. முன்னால் எவேலியோ, அவள் சொன்னபடியே முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் அச்சான அட்டைகள் இருந்த பெட்டியை இறக்கி ஒவ்வொன்றாகப் பரப்பினாள். ஏரி. கோட்டை. பாலம். திராட்சைத் தோட்டம். செம்மறி மந்தை. எல்லாவற்றிலும் அதே சிவப்பு முதுகு. அந்த மாகாணத்தில் எவேலியோ ஒருவன்தான் குடியிருந்தான் என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். அவனும் திரும்பிப் பார்க்காதவன். ஒரு அட்டையிலும் முகம் இல்லை.

அவள் அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

*

செப்டம்பரில் தோன் லெயாந்த்ரோ தொலைபேசியில் பேசினார். முறையாக அனுதாபம் சொன்னார், எவேலியோ எவ்வளவு தங்கமானவன் என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பருவங்கள் அட்டை வரிசையில இலையுதிர் காலம் மட்டும் பாக்கி நிக்குது, செஞோரா. நீங்க கவலைப்பட வேண்டாம். வய்யதோலித்லேர்ந்து ஒரு ஆளை அனுப்பி முடிச்சுக்கிறேன். கையில இருக்கிற படங்களை அவர்கிட்ட கொடுத்துடுங்க."

"பாக்கியை நான் எடுக்கிறேன்."

"நீங்களா? துக்கத்துல இருக்கீங்க. ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு நான் இலையுதிர் காலத்தை எடுத்துக் காட்டுறேன். அப்புறம் சொல்லட்டும்."

அவர் சிரித்தார், சம்மதித்தாரா இல்லையா என்று தெரியாத ஒரு சிரிப்பு. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கசில்தா சிரிக்கவில்லை.

"பெனாவென்தேல கல்யாணப் படம் எடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார். கேமராவை அவருக்கே வித்துடலாம்னு பேசி வெச்சிருக்கேன். ஊர்த் திருவிழாவுக்குள்ள வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

"யாரைக் கேட்டுப் பேசினீங்க?"

"யாரைக் கேட்கணும்? நீ இதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையப் போறியா? புருஷன் குழி இன்னும் காயலை."

"அவன் குழிக்குள்ள இருக்கான். நான் இல்லை."

கசில்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

திருவிழாவுக்கு முன்பே ஒரு காலையில் எலாதியா இரண்டு கேமராக்களையும் பையில் வைத்தாள். ஒன்றில் வண்ணம், ஒன்றில் கருப்பு வெள்ளை. ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டாள். குளிர் தொடங்கியிருந்ததால் அந்தக் கருப்பு ஸ்வெட்டரைப் போட்டு, நீண்ட கைகளை முழங்கைவரை மடித்துவிட்டாள். கசில்தா வாசலை மறித்து நின்றாள்.

"தெரு முழுக்கப் பார்க்குது, பெண்ணே."

"பார்க்கட்டும். ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கிறதே இடுக்கு வழியாப் பார்க்கத்தானே."

எதிர்வீட்டு ஜன்னல் இடுக்கில் ஏதோ அசைந்து சட்டென்று நின்றது. கசில்தாவால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் தலையைத் திருப்பிய அந்த நேரத்தில் எலாதியா அவளைத் தாண்டிப் போய்விட்டாள். சந்தைக்குப் பின்னால் கிராமங்களுக்குப் போகும் பேருந்து நின்றுகொண்டிருந்தது.

*

வில்லாமோராவில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. சாலையில் நடந்ததை யார் மறப்பார்கள்? அவள் பேருந்திலிருந்து இறங்கியதும் காப்பிக்கடைப் பெஞ்சில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் நிற்காமல் புறாமாடத்துப் பக்கம் நடந்தாள்.

வயல் உழுதிருந்தது. மண் கட்டிகள் மேல் சாய்ந்த வெயில். புறாமாடத்தை ஒட்டிய வீட்டு வாசலில் மூன்று பெண்கள் தெருவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிளகாய்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் கருப்பு உடை. மடியில் மட்டும் மிளகாய்ச் சிவப்பு.

எலாதியா வணக்கம் சொன்னாள். நடுவில் இருந்த கனத்த பெண் திரும்பினாள். பெயர் பெனில்தே. விபத்தன்று எலாதியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான்.

"நீயா? என்ன மகளே, அதுக்குள்ள வெளியே வந்துட்டே?"

"வேலை பாக்கி இருக்கு. உங்களைப் படம் எடுக்கணும்."

மூன்று ஊசிகளும் நின்றன.

"எங்களையா? துக்கத்துல இருக்கிறவங்களைப் படம் எடுப்பாங்களா? எம் புருஷன் ஆலங்கட்டி மழை பேஞ்ச வருஷம் போனவர். அதுலேர்ந்து நான் படத்துக்கு நிக்கலை."

"எம் புருஷன் ஜூலைல போனான். நான் படமே எடுக்கிறேன். நம்ம ரெண்டு பேர்ல யார் முதல்ல நரகத்துக்குப் போவோம்னு நினைக்கிறீங்க?"

பெனில்தேவின் வாய் கோணியது. சிரிப்பை அடக்கினாள். "இப்படிப் பேசுறதுக்கு உன் கருப்பு இன்னும் வெளுக்கணும். ஒரு பத்து வருஷம் துவைச்சதுக்கு அப்புறம் வா."

"நம்ம மாகாணத்துப் பட அட்டையைப் பார்த்திருக்கீங்களா?" எலாதியா பையிலிருந்து சிலவற்றை எடுத்து நீட்டினாள். மூன்று தலைகள் குனிந்தன. "இதுல ஒரு பொம்பளையைக் காட்டுங்க."

அவர்கள் தேடினார்கள். இடது பக்கம் இருந்தவள், பெனில்தேவின் நாத்தனார், ஒரு அட்டையை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். "கழுதை இருக்கு," என்றாள்.

"கழுதைக்குத் துக்கம் கிடையாது. அதனால அது அட்டையில இருக்கு."

"இந்த முதுகு யாரு? எல்லாத்துலயும் நிக்குது?"

"அதுதான் எவேலியோ."

பெனில்தே அட்டையை ஏப்ரனில் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எலாதியா போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள். தோள்பட்டை கீழே தொங்கியது, ஆண் அளவு.

"இதுதானா அது?"

"இதுதான். சாயக்கடைக்குப் போயிட்டு வந்துடுச்சு."

"ரொம்ப நல்ல கம்பளி," என்றாள் பெனில்தே. பெருமூச்சு விட்டாள். "சரி. வேணும்னா இப்படியே உட்கார்ந்திருக்கோம். முதுகை எடுத்துக்கோ. முதுகுக்குத் துக்கம் தெரியாது."

"முதுகு வேண்டாம். முதுகு எங்கிட்ட நிறைய இருக்கு."

அதைச் சொல்லிவிட்டு எலாதியா ஸ்டாண்டின் காலை நீட்டத் தொடங்கினாள், அவர்கள் சம்மதித்துவிட்டதைப் போல. நாத்தனார் முதலில் எழுந்தாள். "பாதிரியார் கேட்டா பெனில்தேதான் இழுத்தான்னு சொல்லுவேன்," என்றாள். மூன்றாமவள் எதிர்வீட்டுக்காரி. அவள் பல் போனதை மறைக்க வாயை இறுக்கிக்கொண்டாள். பெனில்தே மிளகாய்களைத் தட்டில் போட்டுவிட்டு வந்து புறாமாடத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சிரிக்கணுமா?"

"வேண்டாம்."

"நல்லதாப் போச்சு. சிரிப்பே வரலை."

மூவரும் கேமராவை நேராகப் பார்த்தார்கள். கடன்காரன் வாசலில் வந்து நின்றால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. எலாதியா வண்ணத்தில் எடுத்தாள், பிறகு அதே இடத்தில் கருப்பு வெள்ளையில் எடுத்தாள். வேலை முடியும்வரை யாரும் இமைத்ததாகக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

*

தோன் லெயாந்த்ரோவின் மாட்ரிட் அலுவலகத்தில் கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரிந்தது. அவர் படங்களை அதன் மேல் பரப்பி, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆற்றங்கரைப் பாப்ளர் மரங்களைப் பார்த்து நல்லது என்றார். காளான் கூடைகளைப் பார்த்தும் நல்லது என்றார். புறாமாடப் படத்தில் நின்றுவிட்டார்.

"செஞோரா, இது என்ன காக்காக் கூட்டம்?"

"காக்கா இல்லை. பெனில்தே, அவங்க நாத்தனார், எதிர்வீட்டம்மா."

"முறைக்கிறாங்க."

"அவங்க முகமே அப்படித்தான். நல்ல முகம்."

அவர் பொறுமையானவர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "வெளிநாட்டுக்காரன் அட்டையை எதுக்கு வாங்குறான்? இங்கே வெயில் அடிக்குது, எனக்குச் சந்தோஷமா இருக்கு, உனக்குப் பொறாமையா இருக்கட்டும். அதை எழுதத்தானே? சாவு வீட்டை யார் அனுப்புவாங்க? ஆனா பரவாயில்லை, வெளிச்சம் பிரமாதம். எங்க ஓவியர் அடுத்த அறையில இருக்கார். ஒருத்திக்குச் சிவப்பு, ஒருத்திக்குப் பச்சை, அந்தக் குண்டம்மாவுக்கு மஞ்சள். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பூசிடுவார்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"யாரை?"

"உள்ளே நிக்கிறவங்களை."

"அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"அந்த ஊர்ப் புகையிலைக் கடையில உங்க அட்டைதான் தொங்குது. கருப்புல நிக்கிறேன்னுதான் வந்து நின்னாங்க. அதுக்கே அவங்களுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு உங்களுக்குத் தெரியாது. மஞ்சள் துணியில அவங்களை ஊர் பார்த்துச்சுன்னா, புருஷன் செத்த சந்தோஷத்துல ஆடுறாங்கன்னு பேசும்."

"எவேலியோ இருந்திருந்தா இவ்வளவு பேச்சு வந்திருக்காது."

"எவேலியோ இருந்திருந்தா உங்க ஓவியர்கிட்டேர்ந்து பிரஷ்ஷை வாங்கி உங்களுக்குத்தான் சிவப்பு பூசியிருப்பான்."

தோன் லெயாந்த்ரோ பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். முழு வரிசையையும் அவர் விரும்பியபடி கொடுக்கலாம், இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்றார். இனிமேல் வேலையும் இருக்காது என்றார். குரலை உயர்த்தவில்லை.

எலாதியா படங்களை ஒவ்வொன்றாக மேசையிலிருந்து எடுத்தாள். பாப்ளர் மரங்களை, காளான் கூடைகளை, கடைசியாகப் பெனில்தேவை. வெறும் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"நல்லா யோசிச்சுக்கோங்க," என்றார் அவர்.

"ரயில்ல யோசிக்கிறேன். நேரம் நிறைய இருக்கு."

*

ரயிலில் அவள் தூங்கினாள்.

வீட்டுக்கு வந்து, கருப்பு வெள்ளை நெகட்டிவை எடுத்து, அட்டை அளவுக்கு வெட்டி வரும் காகிதத்தில் தானே அச்சுப் போட்டாள். அந்த அட்டைக்கு யாரும் சிவப்பும் மஞ்சளும் கேட்க மாட்டார்கள். கருப்பு கருப்பாக வந்தது, வெயில் வெள்ளையாக வந்தது, மூன்று முகங்களிலும் ஒவ்வொரு சுருக்கமும் வந்தது. சமோராவில் புகையிலைக் கடைக்காரர் தயவுக்காகக் கொஞ்சம் வாங்கி ரேக்கின் அடித்தட்டில் சொருகினார். ஒரு சுற்றுலாப் பயணியும் அதைத் தொடவில்லை. தோன் லெயாந்த்ரோ சொன்னது அந்த அளவில் சரிதான். அவருடைய வரிசை வேறு ஆளின் படங்களோடு வெளிவந்தது, புறாமாடத்துக்கு முன்னால் சிவப்புக் குடையோடு ஒரு பெண். நன்றாக விற்றது.

பெனில்தேவுக்குக் கொடுக்க எலாதியா ஒரு கட்டு எடுத்துப் போயிருந்தாள். பெனில்தே அட்டையைக் கை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"வீட்டுல மாட்ட முடியாது. துக்கம்."

"மாட்ட வேண்டாம்."

"எம் பையன் ஜெர்மனியில டயர் தொழிற்சாலையில இருக்கான். போனவன் திரும்பி வரலை. லீவு இல்லையாம், லீவு இருந்தா காசு இல்லையாம்." அட்டையைத் திருப்பி வெறும் பின்பக்கத்தைத் தடவினாள். "அம்மா எப்படி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுதறான். நல்லா இருக்கேன்னு எழுதினா நம்ப மாட்டேங்கிறான். இதை அனுப்பினா, முறைச்சுக்கிட்டு இருக்கேன்னாவது தெரியும்."

நாத்தனாருக்குப் பில்பாவோ நகரத்தில் இரண்டு பையன்கள். எதிர்வீட்டுக்காரிக்கு ஸ்விட்சர்லாந்தில் வீட்டுவேலை செய்யும் மகள். கட்டு அன்றைக்கே தீர்ந்தது. அடுத்த வாரம் பக்கத்து ஊரிலிருந்து கேட்டார்கள். துக்கம் இல்லாத வீடும் இல்லை, வெளியூரில் பிள்ளை இல்லாத வீடும் இல்லை. பெண்கள் கிணற்றடியில், ரொட்டிச் சூளை வாசலில், சொந்தக் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சில ஊர்களில் பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து அவளைப் பெயர் சொல்லாமல் கண்டித்தார். அடுத்த நாள் இன்னும் சிலர் வந்து நின்றார்கள்.

கசில்தா குளிர்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்து, முக்காட்டைக் கழற்றாமலேயே சமையலறையில் நின்றாள்.

"கோயில் வாசல்ல மூணு பேர் என்னை நிறுத்திட்டாங்க. உங்க தம்பி பெண்டாட்டி எங்க ஊருக்கு எப்ப வருவான்னு கேட்கிறாங்க. நான் என்ன, உன் வேலைக்காரியா?"

"எந்த ஊருன்னு சொன்னாங்க?"

கசில்தா முக்காட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாள். சேறு அதிகம், கனத்த செருப்பு போட்டுக்கொண்டு போ என்றும் சொன்னாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பூண்டு சூப்பைத் திறந்து பார்த்து, உப்பு போதாது என்று அள்ளிப் போட்டாள்.

"பெனாவென்தேக்காரர் மறுபடி வந்திருந்தார்," என்றாள், சட்டியைப் பார்த்துக்கொண்டே. "கேமரா விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்."

"என்ன காரணம் சொன்னீங்க?"

"வீட்டுக்காரி வேலைக்குப் போயிருக்கான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது, கேட்ட மனுஷனுக்கு?"

எலாதியா இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் பின்னால் போனாள். கிராமங்களுக்கு ஏழு மணிக்குப் பேருந்து என்று பலகையில் எழுதியிருக்கும். ஓட்டுநர் காப்பி குடித்து முடித்து ஏழே காலுக்குத்தான் கிளப்புவார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். இன்றைக்கும் ஏழே கால்தான்.